கூரை காங்கிரீட் நாளும் கத்திரி வெயிலும்

கரூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம். அதே மதியம் சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். மண்வெட்டி பிடித்து வேலை செய்கிற ஆளுக்கு எந்த ஊர் ஆபத்து? தொலைக்காட்சிப் பட்டியலில் கரூர் மேலே இருக்கும், சென்னை பட்டியலிலேயே இருக்காது. ஆனால் உடம்பைச் சூடேற்றுவதில் சென்னை இளைத்ததில்லை. பெரும்பாலும் ஒரு படி மேலேதான் நிற்கும்.

காரணம் வியர்வை. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போய்விடும். புருவத்திலிருந்து சொட்டித் தரையில் விழுந்த வியர்வை எதையும் எடுத்துப் போவதில்லை. உடம்பிலிருந்த தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் கடலோர ஊர்களில் நடப்பது இதுதான்.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் பிடித்தால் அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. மேலே சொன்ன கரூரில் அது சுமார் 24, சென்னையில் சுமார் 29. அது 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்பது நீண்ட காலக் கணக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்டபோது, ஈரமான காற்றில் 31ஐ ஒட்டியே உடம்பு திணறத் தொடங்குவது தெரிந்தது. அதுவும் லேசான அசைவுகளோடு இருந்தவர்களுக்கு. கலவைச் சட்டி சுமப்பவரின் உடம்பு உள்ளுக்குள்ளேயே 400 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அவருக்கு அந்த எல்லை இன்னும் கீழே.

அதனால் கட்டடம் கட்டுகிறவர்கள், கட்டுவிக்கிறவர்கள் எல்லோரும் கைபேசியில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பாருங்கள். நாட்காட்டியை நம்பாதீர்கள். கத்திரி வழக்கமாக மே 28ஐ ஒட்டி முடிந்துவிடும். சென்னையில் இதுவரை பதிவானதிலேயே அதிகமான 45 டிகிரி அடித்தது 2003 மே 31 அன்று.

வெயிலுக்குப் பழகுவது உண்மையான உடல் மாற்றம். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அளவு கூடும், அதில் போகும் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், அதே வேலைக்கு இதயத் துடிப்பு இறங்கும். பழகாத ஆளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. வெப்பத்தால் வேலையிடத்தில் சாகிறவர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் விழுபவர்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து வந்து, மறுநாள் காலையே சென்ட்ரிங் பலகை ஏற்றும் பையனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும் நம்மூர் கொத்தனாரும் அதே கணக்குதான். ஒரு வாரம் விலகினாலே பழக்கம் கரையத் தொடங்கிவிடும்.

புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. முன்பே பழகிய ஆள் திரும்பி வந்தால் முதல் நாள் பாதி, அடுத்து 60, 80 சதவீதம், நான்காம் நாள் முழுதாக. மீதி நேரத்துக்கு நிழலில் வேலை கொடுங்கள்: கம்பி வளைப்பது, சாமான் எண்ணுவது, உள்பூச்சு. "வேலை ஓடாதே" என்பார் மேஸ்திரி. முதல் மூன்று நாளில் மிச்சம் பிடிக்கும் கூலியைவிட ஒரு ஆஸ்பத்திரி ஓட்டம் அதிகமாகும் என்று கணக்காகவே சொல்லுங்கள், எடுபடும்.

இனி கூரை போடும் நாள். மற்ற நாட்களில் ஆள் களைத்தால் உட்காரலாம். காங்கிரீட் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல் விரிசல் விழும். அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், யாருக்கும் முதலில் உட்கார மனம் வராது. மேலே நிழல் இல்லை. கீழே இரும்புத் தகடு, சுற்றிலும் வெயிலில் காய்ந்த கம்பி. காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் ஹெல்மெட். ஆண்டு முழுவதிலும் ஒரு கட்டடத்தில் வெயில் மயக்கத்துக்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது.

நல்ல வேளையாக, வெயில் காங்கிரீட்டுக்கும் ஆகாது. கலவை சீக்கிரம் இறுகும், மேல்தளம் வெடிக்கும், தளத்தில் யாராவது கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிப் பலத்தைக் கெடுப்பார்கள். ஆளுக்காகக் காலையில் தொடங்கச் சொன்னால் கேட்காத இன்ஜினியர் காங்கிரீட்டுக்காகச் சொன்னால் கேட்பார். ரெடிமிக்ஸ் என்றால் முதல் லாரி காலை ஐந்து மணிக்கு வரும்படி சொல்லுங்கள், பதினோரு மணிக்குள் கடைசி லாரி காலியாக வேண்டும். அதற்குள் முடியாத பரப்பு என்றால் மாலையில் தொடங்கி விளக்கு போட்டு இரவில் முடிக்கலாம். ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து 40 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் காங்கிரீட் நிற்காது, ஆளுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஒரு ஓரத்தில் நான்கு சவுக்குக் கட்டை நட்டு பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டால் அதுவே நிழல். தகரம் போடாதீர்கள், சூடேறிய தகரம் மேலிருந்து அடுப்பாக எரிக்கும். கத்தாரில் 2021 முதல், வெயில், காற்று, ஈரம் மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும் என்று சட்டம். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர் ஆட்களுக்கு இந்த நடைமுறை பழக்கம், அவர்களைக் கேட்டால் ஏற்பாடுகளைச் சொல்வார்கள்.

தண்ணீரைப் பற்றி எல்லோரும் "நிறைய குடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எவ்வளவு? 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல், 1.4 லிட்டரைத் தாண்டாமல். தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் உடம்பு அதற்குள் பின்தங்கியிருக்கும். 25 பேர், எட்டு மணி நேரம் என்றால் 150 லிட்டர், 20 லிட்டர் கேன் எட்டு. பெரும்பாலான இடங்களில் இரண்டு கேன் இறக்கிவிட்டு, மூன்றாவதை மாலை டீ நேரத்தில் தேடுவார்கள். கேன் கீழ்த்தளத்தில் இருந்தால் மேலே வேலை செய்பவர் இறங்கி வந்து குடிக்க மாட்டார். தண்ணீர் தளத்துக்கே போகவேண்டும். டம்ளரோடு சுற்றி வர ஒரு ஆளை ஒதுக்குங்கள், அது வீண் செலவில்லை.

வியர்வையில் லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம் போகலாம், உப்பாகக் கணக்கிட்டால் அரை டீஸ்பூன். நாளுக்கு ஆறு லிட்டர் வியர்ப்பவருக்கு வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். ஆகவே சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. காலையில் பழைய சோறும் நீராகாரமும் உப்பும் சின்ன வெங்காயமும் இந்த வேலைக்கென்றே அமைந்த உணவு. பதினோரு மணிக்கு நீர்மோர்: ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்புக்கு அது ஈடாகாது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து.

ஓஆர்எஸ் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாக்கெட்டின் மேலேயே போட்டிருக்கும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது மருத்துவமல்ல, உப்புக் கரைசலால் வயிற்றைப் புரட்டுவது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொண்டு கடையில் விற்ற இனிப்புப் பானங்கள் வேறு, இது வேறு. அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அது அலட்சியமில்லை. போவதற்கு மறைவான இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை. கதவும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை கட்டிக் கொடுக்காமல் "தண்ணி குடிம்மா" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களிலும் இதே கதைதான். உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றிப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.

அடையாளம் காண்பதற்கு வருவோம். முதலில் வேர்க்குரு, கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, நிற்கும்போது கண் இருட்டி விழுவது. விழுந்தவர் படுத்த நிலையிலேயே ஓரிரு நிமிடத்தில் தெளிந்து ஒழுங்காகப் பேசினால் நிழல், தண்ணீர், உப்பு, ஓய்வு போதும். அடுத்த படி வெப்பச் சோர்வு: தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, வெளிறிய முகம், வேகமான நாடி. இவர் அன்றைக்கு மறுபடி வேலைக்கு ஏறக்கூடாது. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, சட்டையைக் கழற்றி நனைத்து விசிறி, அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் ஆஸ்பத்திரி.

அதற்கு அடுத்தது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிவிட்ட நிலை. இங்கேதான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். "வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும்" என்று படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் வீட்டுக்குள் வெந்து விழும் முதியவர்களுக்கு. வேலை செய்துகொண்டிருந்தபோது விழுபவர் குளித்ததுபோல வியர்வையில் நனைந்தே இருப்பார். தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பேச்சைப் பாருங்கள். காரணமில்லாமல் கோபப்படுவது, சொன்னதையே சொல்வது, கரண்டியைத் தலைகீழாகப் பிடிப்பது, தள்ளாடி நடப்பது. உடனிருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "காலைலேயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்" என்பதுதான். ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எழுப்ப முடியாது. வெயிலில் வேலை செய்கிறவர் குடித்தவர்போல நடந்தால், ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே குடித்திருந்தாலும் தண்ணீர் ஊற்றியதால் நஷ்டமில்லை. முந்தைய இரவு குடித்தவருக்கு ஆபத்து கூடுதல் என்பதும் உண்மை.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: உன் பேர் என்ன, இது எந்த இடம், உன் மேஸ்திரி யார்? வெளிமாநில ஆள் என்றால் அவர் மொழி பேசும் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தமிழ் புரியாமல் விழிப்பதையும் புத்தி தடுமாறுவதையும் பிரிக்க முடியாது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டரும் நெற்றியில் காட்டும் துப்பாக்கியும் இந்த நிலையில் குறைவாகவே காட்டும். 38 என்று காட்டியது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

பதில் தடுமாறினால் ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும், மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதற்கில்லை. விழுந்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39 அளவுக்கு இறக்கிவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் ஈரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் வேகவைக்கிறது. காருக்குள் தூக்கிப் போட்டு ஏசியை வைத்து நாற்பது நிமிடம் நெரிசலில் போவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம்.

கட்டடத்தில் இதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. வைப்ரேட்டர், கம்பி வெட்டும் மெஷின், தரையில் கிடக்கும் ஒயர் எல்லாவற்றுக்கும் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றப்போகிறோம். கியூரிங் ஹோஸை எடுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து முதலில் கொதிநீர்தான் வரும், அதைக் கீழே விட்டுவிடுங்கள். மாடியில் நிற்கும் கறுப்பு டேங்க் தண்ணீரும் மே மாதத்தில் சுடும். சம்ப் தண்ணீரோ போர் தண்ணீரோ எடுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சிமென்ட் பட்ட பூட்ஸைக் கடைசியில் கழற்றலாம் என்று விடாதீர்கள். மூன்றாவது மாடியில் விழுந்தால் மேலேயே நிழலுக்கு இழுத்துத் தண்ணீரைத் தொடங்குங்கள், இறக்குவது பிறகு. சாமான் ஏற்றும் லிப்டில் ஆளை இறக்கவே கூடாது.

எல்லாவற்றிலும் வேகமானது முழுக்காட்டுவது. தளத்தில் கிடக்கும் தார்ப்பாயை விரித்து ஆளை நடுவில் படுக்கவைத்து, நான்கு பக்கமும் ஆட்கள் பிடித்துத் தூக்கித் தொட்டிபோல ஆக்குங்கள். அதில் 150 லிட்டர் தண்ணீரும், கிடைக்கிற ஐஸ் அத்தனையும். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைகொடுத்துத் தலையை நீருக்கு மேலே தூக்கியபடியே இருக்க வேண்டும், வேறு வேலை அவருக்கு இல்லை. இன்னொருவர் தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத தண்ணீர் உடம்பை ஒட்டிச் சூடாகி நின்றுவிடும். ஐஸ் தண்ணீரில் நிமிடத்துக்கு 0.15 முதல் 0.2 டிகிரி வரை இறங்கும். 42 டிகிரியில் விழுந்தவருக்கு 15 முதல் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். தெளிவாகப் பேசத் தொடங்கினாலோ பலமாக நடுங்கினாலோ வெளியே எடுங்கள். மீன் மார்க்கெட்டிலோ ஜூஸ் கடையிலோ கிடைக்கும் ஐஸ் பாரில் 20 கிலோவை உடைத்து, காங்கிரீட் நாளன்று ஒரு பெட்டியில் போட்டு வைத்திருங்கள். ஐஸ் இல்லாவிட்டாலும் ஹோஸ் தண்ணீரை நிறுத்தாமல் தலை முதல் கால் வரை ஊற்றி, அட்டையாலோ ஃபேனாலோ விசிறிக்கொண்டே இருந்தால் வெப்பம் இறங்கும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் மட்டும் நான்கு ஐஸ் பை வைப்பது போதவே போதாது.

"சூடான உடம்பில் பச்சைத் தண்ணி ஊத்தினா ஜன்னி வரும்" என்று யாராவது ஒரு பெரியவர் கையைப் பிடிப்பார். வராது. அவரை ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வாசலுக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு வருவார். அவரைத் தடுக்கத்தான் வேண்டும். நினைவு தடுமாறியவர் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காமல், வாயில் துணி வைக்காமல், தலை அடிபடாமல் பார்த்து, நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாரசிட்டமால் வேண்டாம். கிருமிக் காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைத்திருக்கும், மாத்திரை அதை இறக்கும். இங்கே நடப்பது அதுவல்ல, வெப்பம் வெளியேற முடியாமல் தேங்கியிருக்கிறது. மாத்திரை ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்குச் சுமைதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எத்தனை மணி முதல் எங்கே என்ன வேலை செய்தார், எப்போது பேச்சு தடுமாறியது, எவ்வளவு நேரம் குளிர்வித்தீர்கள் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். வெளியில் ஊற்றிய தண்ணீரில் வெப்பம் இறங்கியிருந்தால் அங்கே காட்டும் அளவு 38தான் இருக்கும், விவரம் தெரியாவிட்டால் சாதாரண மயக்கம் என்று அனுப்பிவிடுவார்கள். வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வைத்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் வெயில் என்ற சொல்லே இல்லாமல் மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் எதைக் காட்டும்?

தெளிந்து எழுந்ததும் ஆள் "நல்லாயிருக்கேன், நாளைக்கு வேலைக்கு வரேன்" என்பார். ஈரல் பாதிப்பு இரத்தத்தில் ஏறித் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம், அன்றே திரும்ப ஓட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் உடலுழைப்பு கூடாது, பிறகு டாக்டர் சரியென்று சொன்னால் புது ஆள்போல ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை, மனநல மாத்திரை, அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இவை வியர்வையையோ உடம்பின் நீரையோ குறைக்கலாம். தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் வெயில் வேலை என்று சொல்லி அளவைக் கேட்க வேண்டும்.

திரும்பி வருபவர் எங்கே தூங்குகிறார் என்றும் பார்த்துவிடுங்கள். தகர ஷெட்டில் எட்டுப் பேர், ஒரு ஃபேன், ஜன்னல் இல்லை என்றால் பகலில் ஏறிய சூடு இரவில் இறங்காமல் அப்படியே மறுநாள் காலைக்கு வரும். ஷெட் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி நனைத்துவிடுவது, சுண்ணாம்பு அடிப்பது, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு திறப்பு வெட்டுவது, இவை ஒருநாள் கூலிக்குள் முடிகிற வேலை. முடிந்த தளத்தின் மொட்டை மாடியில் கொசுவலையோடு படுக்க இடம் கொடுத்தால் இன்னும் நல்லது, ஓரத்தில் தடுப்பு கட்டிய பிறகு.